பழைய ஹெரால்டு காரும் வீட்டுக் கொட்டகையும்

கூப்பே என்பது பிரெஞ்சுச் சொல். ‘வெட்டப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், நால்வர் எதிரெதிராக அமர்ந்து செல்லும் பெட்டி வண்டியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் அமரும்படி அமைத்த சிறு வண்டிக்கு அப்பெயர் வழங்கிற்று. மோட்டார் வந்த பிறகும் அப்பெயர் நீங்கவில்லை. இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் சிறிய உடலும் சற்று மிகுந்த வேகமும் உடைய காரைக் கூப்பே என்றார்கள். விளையாட்டுக் கார் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இதனையே.

இத்தகைய கார்கள் நம் நாட்டில் மிக அருமை. இறக்குமதிக்குக் கடுமையான தடை இருந்த காலத்தில் மக்கள் கண்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளே. ஆயினும் அவற்றுள் ஒன்று கூப்பேயின் உடன்பிறப்பாக நம் தமிழகத்திலேயே உருவாயிற்று. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு முதல் கட்டிய ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ காரைத்தான் கூறுகிறேன். 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவுள்ள ஹெரால்டு வருமுன், இரண்டு கதவுடனே அது ஓடிற்று. நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் திருவண்ணாமலையில் அதனை மருத்துவர்களும் ஒப்பந்தக்காரர்களும் வைத்திருந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களிலும் அதனைத் திருத்தி அமைத்து ஓட்டியவர்கள் உண்டு.

பணி ஓய்வு பெற்றபின் அத்தகைய கார் ஒன்று என் கைக்கு வந்தது. உறவினர் ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றது அது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதா, பழுது பார்ப்பதா என்ற வினா எழுந்தபோது, வேலை செய்ய எனக்குக் காலமும் கைவலிமையும் இன்னும் இருக்கின்றன என்று கருதி அதனை வேங்கிக்காலில் உள்ள என் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். அவ்வேலையில் அறிந்தவற்றுள், இத்தகைய வண்டியை வைத்திருப்போர்க்கும் வாங்க எண்ணுவோர்க்கும் பயன்படுவனவற்றை இங்கே கூறுகிறேன்.

முதலில் வண்டியின் பிறப்பை அறிதல் வேண்டும். பழுது பார்க்கும் முறை அதிலேயே அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தாருக்குக் கார்களின் உடலைச் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் ஆலையை, அவர்களுடைய போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. அக்காலத்தில் ஏனைய நிறுவனங்கள் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகப் பற்றவைத்த கார்களைச் செய்யத் தொடங்கியிருந்தன. அத்தகைய உடலை மொத்தமாகச் செய்து தருவோர் இல்லாமற்போகவே, ஸ்டாண்டர்டு-டிரையம்ப் பழைய முறைக்கே திரும்பிற்று. கீழே தனியான சேஸிஸ். அதன்மேல் சிறு சிறு பகுதிகளாகப் பல ஆலைகளில் செய்யப்பட்டு, போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட உடல். உருவம் வரைந்தவர் இத்தாலியின் துரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் கூப்பே, செடான் என்னும் இரு வடிவங்களிலும் அது வெளிவந்தது. அதே அமைப்பின்மேல் 1962-இல் ‘ஸ்பிட்பயர்’ என்னும் திறந்த விளையாட்டுக் காரும், 1966-இல் ஆறு சிலிண்டர் கொண்ட ‘ஜி.டி.6’ என்னும் கூப்பேயும் பிறந்தன. நம் ஹெரால்டின் அடியிற் படுத்து மேலே பார்த்தால் காண்பது ஏறக்குறைய அந்த ஜி.டி.6-இன் எலும்புக்கூட்டையேதான்.

வேறு வழியின்றி மேற்கொண்ட இம்முறை இன்று நமக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்துவிட்டது. பகுதி பகுதியாகப் பெட்டியில் அடைத்து அனுப்பக்கூடிய வண்டியாதலால் தொலைநாடுகளில் கட்டுவது எளிதாயிற்று. அங்ஙனமே அது சென்னைக்கும் வந்தது. பகுதி பகுதியாகக் கட்டியதனைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவும் இயலும் அன்றோ? எங்கள் ஊர்க் கோயிலின் பெரிய தேரை நோக்குங்கள். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஓடும் அத்தேரை, அதற்கு முன்னரே தச்சரும் பொறியாளரும் ஆராய்ந்து, உளுத்த சட்டத்தை மட்டும் கழற்றி, அவ்வளவில் புதுச் சட்டம் பொருத்துகிறார்கள். தேர் முழுவதையும் புதிதாகச் செய்வதில்லை. ஹெரால்டும் அந்த வகையைச் சேர்ந்தது. முன்பக்கத்து மூடி மட்காடுகளோடு ஒன்றாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தவுடன் எஞ்சினும் முன்சக்கர அமைப்பும் ஸ்டியரிங்கும் முழுவதும் வெளிப்பட்டு நிற்கும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். கூரையையுங்கூடப் போல்ட்டுகளைத் தளர்த்தித் தூக்கி வைத்துவிடலாம். இக்காலத்துக் கார்களில் ஒரு விளக்கு பல்பை மாற்றவே பட்டறைக்குச் செல்ல வேண்டியிருப்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

வாங்கச் செல்வோர் கையில் இரண்டு கருவிகள் போதும். ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர். துரு தின்ற தகட்டின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து வைப்பது பட்டறைகளில் வழக்கம். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடலெங்கும் தடவி வாருங்கள். எங்கே அது பிடிக்கவில்லையோ அங்கே இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. பின்னர் அடியிற் சென்று, சேஸிஸின் நடுச்சட்டங்களிலிருந்து இருபுறமும் கைபோல நீண்டு உடலைத் தாங்கும் கிளைச்சட்டங்களை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே புகுந்தால் அவை போயின. நடுச்சட்டம் உறுதியாக இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. கிளைகளைப் புதிதாகச் செய்து வெல்டிங் வைக்கலாம். நடுச்சட்டமே இற்றிருந்தால் அவ்வண்டியை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது நலம். கடற்கரை ஓரத்தில் வாழ்ந்த கார் விரைவில் இற்றுப்போகும். உப்புக் காற்றின் வேலை அது. வறண்ட உள்நாட்டில் கிடந்த கார் பார்வைக்குப் பாழாக இருந்தாலும் அடிச்சட்டம் பெரும்பாலும் தப்பியிருக்கும். வெயில் பெயிண்டையும் ரப்பரையும் இருக்கைத் துணியையும் கெடுக்கும். ஆனால் இரும்பைக் கெடுக்க அதற்கு ஈரத்தின் துணை வேண்டும்.

நெடுநாள் நின்ற காரை வாங்கியவுடன் பேட்டரியை மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். அதனை அடக்குதல் வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இணங்கினால் நன்று, இணங்காவிட்டால் இன்னும் ஊறட்டும். பழைய பெட்ரோலையும் ஆயிலையும் முற்றிலும் வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இரும்பின் துருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; முப்பத்தைந்து ஆண்டு அறிவியல் கற்பித்தவனுக்கு இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது கடினம். இரும்பு, நீர், உயிர்வாயு ஆகிய மூன்றும் கூடினால்தான் துரு உண்டாகும். மூன்றில் ஒன்றை விலக்கினால் போதும். பெயிண்டும் கிரீஸும் மெழுகும் செய்வது நீரையும் காற்றையும் இரும்பினிடமிருந்து விலக்கி வைப்பதே. ஏற்கெனவே பிடித்த துருவை நீக்கச் சுரண்டுவதும் தேய்ப்பதும் ஒரு வழி. சிறு உறுப்புகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய மின்வழி ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த உறுப்பைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாதபடி வாளியில் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்துங்கள். ஓர் இரவுக்குள் துரு நெகிழ்ந்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உதிரும். நல்ல இரும்பு ஒரு சிறிதும் தேய்வதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

இதில் நினைவிற் கொள்ள வேண்டுவன சில. முனைகளை மாற்றி இணைத்தால் உங்கள் உறுப்புத்தான் கரையும். எவர்சில்வர்த் துண்டை நேர்முனையில் வைத்தல் கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு குமிழியிடும் ஆதலால் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. ஸ்பிரிங்குகளையும் மிகுந்த பாரம் தாங்கும் போல்ட்டுகளையும் இதில் இடலாகாது. ஹைட்ரஜன் அவற்றினுட் புகுந்து முறியும் தன்மையை உண்டாக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் இந்த வாளியைச் சுற்றி அமர்ந்து ஒரு மாலைப்பொழுதைக் கழித்தார்கள். வகுப்பறையில் மின்பகுப்பைப் பற்றி நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் அத்துணை அமைதியை நான் கண்டதில்லை.

இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் எஃகுத் தண்டைப் பற்றி நிற்கிறது. அத்தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை, ட்ரன்னியன் என்னும் வெண்கலக் கட்டையினுள் திருகப்பட்டிருக்கும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் தண்டு அக்கட்டைக்குள் திருகாணிபோல் சிறிதளவு சுழன்று சக்கரத்தைத் திருப்புகிறது. ஸ்பிட்பயரிலும் ஜி.டி.6-இலும் இதே அமைப்புத்தான். புகழ்பெற்ற லோட்டஸ் நிறுவனமும் தன் ‘இலான்’ விளையாட்டுக் காருக்கு இந்த உறுப்பை ஏற்றுக்கொண்டது. 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்புவதற்கு முன்சக்கரங்கள் அவ்வளவு மடங்குவதே காரணம். தேரடித் தெருவில் ஹெரால்டைத் திருப்புவது ஆட்டோ ரிக்ஷாவைத் திருப்புவதுபோல் எளிது.

இந்த வெண்கலக் கட்டைக்குள் செலுத்த வேண்டியது கிரீஸ் அன்று. 90-ஆம் எண் கியர் ஆயில். இதனை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். கிரீஸ் அடிக்கும் துப்பாக்கியைக் கண்டவுடன் மெக்கானிக்குகள் அதில் கிரீஸையே நிரப்புகிறார்கள். அது அவர்கள் கைப்பழக்கம். கிரீஸ் மரையின் இடுக்குகளில் பரவாமல் ஓரிடத்தில் கட்டிபட்டு நின்றுவிடும். மழைநீர் மெல்ல உட்புகும். மேற்புறத்தில் வழவழப்பாகத் தோன்றினாலும் உள்ளே எஃகு மரை அரிக்கப்பட்டு மெலியும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முற்றிலும் ஒடிக்கும்போது, தண்டு மரையின் அருகே முறிந்து சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். நின்ற இடத்தில் முறிந்தால் தப்பினோம். திண்டிவனம் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முறிந்தால் நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே ஹெரால்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எஞ்சினைக் கிளப்புவது அன்று. இந்தத் தண்டுகளைக் கழற்றித் தூய்மை செய்து, மரையில் குழியோ வெடிப்போ உண்டா என்று பூதக்கண்ணாடியால் நோக்குவதே. ஐயமிருப்பின் புதியதையே இடுக. இங்கிலாந்தில் இவ்வுறுப்புகளை இன்றும் செய்து விற்கிறார்கள்; வரியும் அஞ்சற் செலவும் சேர்ந்து விலை மிகுதிதான். என் துணைவியார் அந்தச் சீட்டைப் பார்த்து, “இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்” என்றார். பேரக்குழந்தைகள் அந்தக் காரின் பின்னிருக்கையில்தான் அமர்வார்கள் என்று நான் சொன்ன பிறகு அதைப்பற்றிப் பேச்சு எழவில்லை. கட்டையைப் பொருத்தியபின் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறையேனும், பழைய ஆயில் வழிந்து வெளியேறுமளவும் புதிய ஆயிலைச் செலுத்த வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒழுகும். ஒழுகட்டும், ஒழுகுகிறது என்றால் உள்ளே ஆயில் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பிரேக்கு. தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டுமோ அவ்வளவு விழிப்பு இதிலும் வேண்டும். அக்காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் குழாய்வழிதான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே போகும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. அந்த ஈரம் சக்கர சிலிண்டர்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். பிரேக்குச் சூடேறும்போது ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கிப் பெடலைப் பள்ளத்தில் இறக்கிவிடும். ஆதலின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் முழுவதும் மாற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் ஆயிலை இதில் மறந்தும் ஊற்றலாகாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய பிரேக்குக் கட்டையின் தூளை வாயால் ஊதாதீர்கள். அதில் கல்நார் கலந்திருக்கக்கூடும்; நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிற் செல்லுதலும் வேண்டா. கெட்டியான மரக்கட்டைகளையோ இரும்புத் தாங்கிகளையோ கொடுத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

எஞ்சின் மிக எளியது. 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் உடையது. ‘ஸ்டாண்டர்டு டென்’ காரிலிருந்து வந்தது. இதற்கு ஒரு குறிப்பிட்ட நோய் உண்டு. கிளட்சை மிதிக்கும்போது எஞ்சினின் கிராங்குத் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்குபவை பிறைவடிவான இரண்டு சிறு தகடுகள். அவை தேய்ந்து மெலிந்தால் இருந்த இடத்தினின்று நழுவிக் கீழே ஆயில் தொட்டியில் விழும். பிறகு எஃகுத் தண்டு எஞ்சினின் உடலையே அரைக்கத் தொடங்கும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, எஞ்சினையே இழப்பதில் முடியும். சோதிப்பது எளிது. ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும். மற்றொருவர் முன்பக்கத்தில் விசிறிப் பட்டை ஓடும் உருளையைப் பார்க்கட்டும். உருளை முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் தகடுகள் தேய்ந்தன என்று கொள்க. இருக்க வேண்டிய இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். எஞ்சினை இறக்காமலே, அடியிலுள்ள தொட்டியைக் கழற்றி இத்தகடுகளை மாற்றிவிடலாம். பகல் நேரம் ஒன்று போதும். கிளட்சை மிதித்தபடியே சிக்னலில் நிற்கும் பழக்கம் இத்தகடுகளுக்குக் கூற்றுவன்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இந்தக் கார் பிறந்த காலத்துப் பெட்ரோல் இன்று இல்லை. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு அமரும் இடத்துக்கு ஒருவகைப் பூச்சுப்போல் உதவிற்று. 2000-ஆம் ஆண்டு நம் நாடெங்கும் ஈயக் கலப்பு நின்றது. அதனால் மக்களுக்கு நன்மையே. பழைய எஞ்சினின் வால்வு இருக்கை மட்டும் மெல்லத் தேயும். மெதுவாக ஓட்டுவோர்க்கு இதனால் உடனடிக் கேடு இல்லை. எப்போதேனும் எஞ்சினின் தலையைக் கழற்ற நேர்ந்தால் அப்போது லேத் பட்டறையில் கடின எஃகு வளையங்களைப் பதித்துக்கொண்டால் போதும். இன்று 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் பழைய ரப்பரை இளக்கும், நீரை ஈர்க்கும், நின்ற வண்டியின் டாங்கில் துருவை வளர்க்கும். பெட்ரோல் குழாய்களையும் பம்பிலுள்ள சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் வகையினதாக மாற்றிவிடுங்கள். உங்கள் கார் அடிக்கடி ஓடாததாயின் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்கவிடாமல் வடித்துவிடுங்கள். இளகிய ரப்பர்க் குழாய் சூடான எஞ்சினின்மேல் சொட்டினால் நேர்வது தீவிபத்து. இந்த மாற்றத்தை நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது.

ரேடியேட்டரில் கிணற்று நீரை ஊற்றுவது நம் வழக்கம். எங்கள் பகுதி நீரில் உப்பு மிகுதி. கொதிக்க வைத்த பாத்திரத்தில் படியும் வெண்படலம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். வாலை வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுக. வேறொரு வழக்கமும் உண்டு. வண்டி சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். என் காரிலும் ஏதோ ஒரு பட்டறையில் என்றோ அதனைப் பிடுங்கியிருந்தார்கள். அது நீரோட்டத்தை அடைக்கும் தடை அன்று. எஞ்சின் தகுந்த சூட்டை எட்டும்வரை நீரை நிறுத்தி வைக்கும் கதவு. அதில்லாத எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடி, பெட்ரோலை மிகுதியாகக் குடித்து, சிலிண்டரைத் தேய்த்துக்கொள்ளும். சூடேறுதலுக்கு மெய்யான காரணம் அடைபட்ட ரேடியேட்டரே. அதன் பித்தளைத் தொட்டியைக் கழற்றிக் கம்பியால் குத்தித் தூய்மை செய்து மீண்டும் ஈயம் வைக்கத் தெரிந்த கைகள் போளூர் சாலையில் இன்னும் இருக்கின்றன.

மின்னமைப்பில் ஒரே ஓர் எச்சரிக்கை. 1960-களில் பிரிட்டிஷ் முறையில் செய்த கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. புதுப் பேட்டரியை மாட்டுமுன் பழைய இணைப்பு எவ்வாறு இருந்தது என்று பாருங்கள். பாயிண்டு இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், பிளக்கு இடைவெளி 0.6. இவை சரியாக இருந்து, இணைப்புகள் பச்சைப் படலமின்றித் தூய்மையாக இருந்தால் வண்டி காலையில் முதல் சாவித் திருப்பத்திலேயே எழுந்துகொள்ளும்.

உதிரி உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். பெருங்களத்தூர் ஆலையில் 1980-களின் இறுதியோடு வேலை நின்றுவிட்டது. ஆயினும் சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையோடு நாலைந்து கடை ஏறியிறங்கினால் சிற்சில உறுப்புகள் அகப்படும். அகப்படாதவற்றைப் பழைய மாதிரியைக் காட்டி லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ரப்பர் உறுப்புகளை வேறு காருக்குரியவற்றிலிருந்து அளவு பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதி, கழற்றுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்வது நன்று. கழற்றிய கை மாட்டுவது ஓராண்டு கழித்தாகவும் இருக்கலாம். நினைவு அவ்வளவு நாள் நிற்பதில்லை. பெயிண்ட் வேலை கடைசியில். பலர் அதனை முதலிற் செய்து, பிறகு எஞ்சினை இறக்கும்போது கீறிவிட்டு வருந்துகிறார்கள்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்று. பின்சக்கரங்களின் தண்டுகள் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் இருபுறமும் சிறகுபோல் மேலும் கீழும் அசையும் அமைப்பு ஹெரால்டுக்கு. நேர்ச்சாலையில் இதனால் தீங்கில்லை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுகளில் விரைந்து புகுந்து, பாதியில் அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்பாரம் மேலெழும்பிச் சக்கரங்கள் உட்புறம் மடங்கி, வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் மிதியைச் சீராக வைத்துச் செல்ல வேண்டும்.

என் காரைப் பார்த்த இளைய மெக்கானிக் ஒருவர், “ஐயா, இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி எஞ்சின் ஒன்றை உட்கார வைத்தால் இரண்டு நாளில் வேலை முடிந்தது” என்றார். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. நான் இசையாமைக்குக் காரணம் சட்டம். நம் நாட்டில் ஒரு காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே. பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்த கார்களையும் இருசக்கர வண்டிகளையும் பழம்பெரும் வாகனங்கள் எனத் தனியே பதிவு செய்ய விதி வகுத்தது. அதற்கு வண்டி தன் மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருத்தல் ஆகாது. மாருதி எஞ்சினை ஏற்றிய அன்றே ஹெரால்டு அந்தத் தகுதியை இழந்துவிடும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும். இப்பதிவு பெற்ற வண்டியை நாள்தோறும் சாலையில் ஓட்டுதல் கூடாது. வாடகைத் தொழிலுக்கும் ஆகாது. கண்காட்சி, பழைய கார்களின் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். அன்றாடம் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்வது தக்கது. நான் இன்றளவும் அவ்வாறே செய்துவருகிறேன். பௌர்ணமிக் கூட்டமில்லாத நாட்களில் கிரிவலச் சாலையின் 14 கிலோமீட்டரையும் அதில் ஒரு சுற்றுச் சுற்றிவரும் இன்பத்தை விட மனமில்லை.

எவ்வகைப் பதிவானாலும் 20-ஆம் எண் படிவத்தோடும் காப்புறுதிச் சான்றோடும் பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பழம்பெரும் வாகனப் பதிவுக்குக் காட்ட வேண்டும். சாதாரணப் புதுப்பித்தலுக்கும் அந்தப் புத்தகமின்றி ஒன்றும் நகராது. கொட்டகையில் நிற்கும் கார்கள் பலவற்றுக்கு அது கறையான் அரித்தோ, மூன்று தலைமுறைக்கு முன் இறந்தவர் பெயரிலோ இருக்கிறது. கெட்ட எஞ்சினுக்கு மாற்று உண்டு. இற்ற தகட்டுக்கு மாற்று உண்டு. ஆதலால் பழைய காரைப் பார்க்கச் செல்லும்போது காந்தத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னரே ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.